கீழ்க் குளத்துக்கு ஒரு குரல்

ஏனுங்கின் சாப்பாட்டுக் கடையில் அன்றைக்கும் கீரைத் தட்டை யாரும் தொடவில்லை.

காரூட்டிலிருந்து தாசிக் போகிற மலைச் சாலையில், சிபந்தார் வளைவைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் இருந்தது கடை. கடை என்று சொன்னால் பெரிய பேச்சு. வீட்டின் முன்கூடத்தைத் திறந்துவிட்டு ஒரு நீள மேசையும் இரண்டு பெஞ்சும் போட்டிருந்தாள், அவ்வளவுதான். சோறு, வறுத்த கருவாடு, டெம்பே என்கிற சோயாக் கட்டி, இறால் விழுது வைத்து அரைத்த சம்பல், நடுவில் ஒரு மூங்கில் தட்டு நிறையப் பச்சைக் கீரை. அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பச்சைக் கீரை இல்லாமல் சோறு தொண்டையில் இறங்காது. கீரைக்குத் தனிக் காசு கிடையாது. ஆனால் எந்தக் கடையில் கீரை நன்றாக இருக்கிறதோ அங்கேதான் லாரி நிற்கும்.

"கீரை எடுத்துக்குங்க" என்று தட்டை நகர்த்தினாள் ஏனுங்.

லாரிக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேண்டாம் தேத்தே" என்றான் மூத்தவன். அக்காவுக்கு அங்கே தேத்தே.

"ஏன் வேண்டாம்?"

"எங்கேருந்து பறிச்சது?"

"பறிக்கல. சந்தையில வாங்கினது."

"அதான் வாடிக் கெடக்கா? அப்ப பின்னாடி குளம் எதுக்கு இருக்கு?" என்று சிரித்தான் இளையவன். "ஓ, அந்தக் குளமா! வேண்டாம்ப்பா, சந்தைக் கீரையே தேவலை. அதுவும் வேண்டாம்."

"அந்தக் குளத்துக்கு என்ன?"

"அதுமேல மூங்கில் குடிசை ஒண்ணு இருந்துச்சாமே."

"பிரிச்சுப் போட்டு நாலு மாசமாச்சு. வீட்டுக்குள்ளயே கக்கூஸ் கட்டியாச்சு. வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க."

"குடிசையப் பிரிச்சுட்டீங்க, சரி. நாலு தலைமுறையா மேல உக்காந்து எழுந்ததைக் குளம் மறந்துருமா?"

"யார் சொன்னது இதெல்லாம்?"

"கீழ்வீட்டு ஓனா தேத்தேதான். பஸ்ஸுக்கு நிக்கிறப்ப எல்லார்கிட்டயும் சொல்றாங்க" என்று கை கழுவப் போனான் மூத்தவன். அடுத்த வாரத்திலிருந்து அந்த லாரியும் நிற்கவில்லை.

அந்த ஊரில் எந்தக் குளத்தின் மேல் குடிசை இல்லை? மலை ஊற்றுத் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாக முதலில் ஏனுங்கின் கொல்லைக் குளத்தில் விழும், அதன் கடைமடை வழியாக அடுத்த வீட்டுக் குளத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. வீட்டுக்கு ஒரு குளம், குளத்துக்கு ஒரு குடிசை, குடிசைக்குக் கீழே கொழுத்த மீன். ஊரே அந்த மீனைத் தின்றுதான் வளர்ந்தது. ஓனா தேத்தேயின் குளத்தின் மேல் இன்றைக்கும் குடிசை நிற்கிறது. அவள் வாயில் இந்தப் பேச்சு வருகிறதென்றால் என்ன நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்!

ஆனால் கோபப்பட நேரமில்லை. பாண்டுங் நகரத்தில் ஒரு வீட்டில் பதினோரு வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவள் ஏனுங். வருஷத்துக்கு ஒரு தடவை, பெருநாளுக்குப் பத்து நாள், அவ்வளவுதான் அவள் தன் வீட்டில் தூங்கியது. போதும் என்று முடிவு செய்துதான் வந்தாள். புருஷன் ஜாஜாங் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். முன்னே கடை, பின்னே குளம், ராத்திரிக்கு இருவரும் ஒரே கூரைக்கு அடியில். அவள் கேட்டது அவ்வளவுதான். பாண்டுங் எஜமானியம்மாவோ வாரத்துக்கு ஒரு தடவை போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "உன் இடத்தை இன்னும் ஒருத்திக்கும் கொடுக்கல ஏனுங். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பாக்கறேன், அதுக்கு மேல முடியாது." கடை ஓடவில்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"குளத்துல கீரை போடப்போறேன்" என்றாள் ஜாஜாங்கிடம். "கடைக்கு வர்றவன் கொல்லைக்கு வந்து எட்டிப் பாக்கணும். பாத்துட்டுத் தின்னணும்."

"மீன் விடாமயா?"

"முதல்ல கீரை."

"மீன் இல்லாத குளம் வெறும் பள்ளம் ஏனுங். போறவன் வர்றவன் சிரிக்கிறான்."

"சிரிக்கட்டும்."

குளம் என்னவோ தயாராகத்தான் இருந்தது. ஊருக்கு வந்த மாதமே தண்ணீரை வடித்து, பழைய சேற்றை வாரிக் கொட்டி, இருபது நாள் வெயிலில் வெடிக்கப் போட்டு, சுண்ணாம்பு தூவி, ஒரு தரம் தண்ணீர் நிறைத்து அலசிவிட்டிருந்தாள். புதுத் தண்ணீர் பளிங்காக நின்றது. நடுவதற்குத்தான் செடி வேண்டும்.

முதலில் வயலுக்குப் போனாள். கென்ஜெர் என்று ஒரு கீரை, உள்ளங்கை அகல இலையும் மஞ்சள் பூவுமாக நெல் வயலில் தானாக முளைக்கும். வயல்காரனுக்கு அது களை, பிடுங்கி வரப்பில் எறிவான். இரண்டு கூடை வாரிக்கொண்டு வந்து முழங்கால் சேற்றில் நின்று ஒரு பகல் பூராவும் நட்டாள். நாலாம் நாள் இலை மஞ்சளித்தது, ஏழாம் நாள் தண்டு கொழகொழவென்று கையோடு வந்தது. சந்தையில் வாங்கிய கட்டுகளில் வேர் இருந்தவற்றைப் பொறுக்கி நட்டுப் பார்த்தாள். அதுவும் அழுகியது. ஜாஜாங்கின் தம்பி எங்கிருந்தோ ஒரு சாக்கு நிறைய ஆகாயத்தாமரை கொண்டுவந்து, "இதைப் போடு மதினி, ஒரே மாசத்துல குளமே தெரியாது" என்றான். "குளம் தெரியணும்னுதான்டா இந்தப் பாடு படறேன்" என்று சாக்கோடு திருப்பி அனுப்பினாள்.

அப்புறம் ஒரு விடிகாலை ஊற்றுக்கே ஏறினாள். இரண்டு மணி நேர ஏற்றம், அட்டைக்கடி, மூடுபனி. ஊற்றுவாயில் கல்லிடுக்கில் தெஸ்போங் என்கிற கீரை அடர்ந்து கிடந்தது. கொத்தமல்லி மாதிரி வாசம், பச்சையாகத் தின்னத் தின்ன வாய் கேட்கும். ஓடுகிற தண்ணீர்தான் அதற்கு உயிர். வேரோடு, வேரைப் பிடித்திருந்த மண்ணோடு பெயர்த்து, ஈர வாழைமட்டையில் சுருட்டி இறங்கினாள். குளத்தில் குழாய்த் தண்ணீர் விழுகிற வாய்மடை ஓரமாகக் கல்லை அடுக்கி, இடுக்கில் செருகினாள். பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் புதுத் தளிர் வந்தபோது ஏனுங் கரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். காலையில் எழுந்ததும் நேரே அங்கேதான். நத்தைகள் தண்டில் இளஞ்சிவப்பாக முட்டை ஒட்டிவிட்டுப் போயிருக்கும். ஒன்றுவிடாமல் சுரண்டி எறிந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

இருபத்து நாலாம் நாள் சந்தைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். தெஸ்போங் இருந்த இடத்தில் மொட்டைத் தண்டுகள் நின்றன. தண்ணீருக்குள் சோற்றுத் தட்டு அகலத்தில் ஐந்து குராமி மீன்கள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

ஜாஜாங் கரையில் பெருமையாக நின்றான். "ஹாஜி வீட்டுக் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் வண்டி ஓட்டினேன்ல, பிரியமாக் கொடுத்தார். பாரேன், இப்பத்தான் குளம் குளமா இருக்கு."

"காங்" என்றாள் ஏனுங். புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள். "குராமி என்ன திங்கும்?"

"கீரை, இலை..." என்று ஆரம்பித்தவன் வாய்மடைப் பக்கம் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

ஏனுங் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சந்தைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மாங் ஓஜோவைக் கூட்டிட்டு வா. வலை கொண்டுவரச் சொல்லு" என்றாள்.

மாங் ஓஜோ ஊருக்கெல்லாம் மாமா முறை, குளத்து வேலை என்றால் அவர்தான். கிராம்புச் சிகரெட்டை வாயோரத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மொட்டைத் தண்டையும் மீனையும் ஜாஜாங்கையும் வரிசையாகப் பார்த்தார். "அஞ்சு குராமி தப்பு பண்ணல, ஆறாவது ஒண்ணு கரையில நிக்குது பார், அதுதான்."

"கேலி அப்புறம் மாங். மீனைப் பிடிச்சுக் கொடுங்க."

"வலையில கஷ்டம். கடைமடையத் தொறந்து தண்ணியக் கொறச்சா கையாலயே அள்ளலாம். ஆனா தொறக்கறதுக்கு முன்னாடி கீழே ஒரு குரல் கொடுத்துரு. போன தடவை மாதிரிப் பண்ணாதே."

"போன தடவை என்ன?"

மாங் ஓஜோ சிகரெட்டை எடுத்தார். "உனக்குத் தெரியாதா?"

ஜாஜாங் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த ஊரில் மேல்குளத்துக்காரர் மடையைத் திறக்குமுன் கரையில் நின்று கீழ்க் குளத்துக்காரரைக் கூப்பிட வேண்டும். கீழே உள்ளவர் தன் வாய்மடையைச் சேறு வைத்து அடைத்துவிட்டு "விடு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வருகிறவரைக்கும் மடையில் கை வைக்கக் கூடாது. பேசத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். பதினோரு வருஷம் குழாயைத் திருகித் திருகியே வாழ்ந்த ஏனுங்குக்கு மறந்துபோயிருந்தது.

"சுண்ணாம்புத் தண்ணி பூராவும் ஓனா குளத்துக்குத்தான் போச்சு" என்றார் மாங் ஓஜோ. "முப்பத்திரெண்டு குராமி. விடியக்காலம் பாத்தா எல்லாம் வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டு மெதக்குது. நான்தான் கூடையில அள்ளிப் புதைச்சேன். இன்னும் அந்தக் குளத்துல மீன் விடல. கேக்க ஆளில்லாம கென்ஜெர் காடா மண்டிக் கெடக்கு."

அவர் வலையை வைத்துவிட்டுப் போன பிறகு ஏனுங் சொன்னாள், "உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஆறு மாசமா அவங்க முன்னாடி தலை நிமிர்ந்து நடந்திருக்கேன். வாய்க்கு வந்தபடி மனசுக்குள்ள திட்டியிருக்கேன். ஏன் சொல்லல?"

"நீ வந்தே ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு" என்றான் ஜாஜாங். "வந்ததும் வராததுமா இதைச் சொன்னா, இந்த ஊரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு பஸ் ஏறிடுவியோன்னு பயம். வேறென்ன சொல்றது?"

ஏனுங்குக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் பெரிய வாளியைத் தேடினாள்.

மடையைத் தொடாமல் வலையிலேயே ஐந்தையும் பிடிக்க இரண்டு பேருக்கும் அரைநாள் ஆனது. மறுநாள் காலை வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஓனா தேத்தே கொல்லையில் மூங்கில் தட்டிகளில் அரிசி அப்பளம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வந்தது யாரென்று பார்த்தாள், அடுத்த தட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

"தேத்தே, அஞ்சு குராமி கொண்டாந்திருக்கேன்."

"நான் மீன் கேக்கலையே."

"கேக்கல. போன தடவை குரல் கொடுக்காம மடையைத் தொறந்துட்டேன். சுண்ணாம்புத் தண்ணி. தப்பு என்னுது."

"ஆறு மாசம் கழிச்சு ஞாபகம் வந்துச்சாக்கும்."

"நேத்துத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சுக்காம இருந்ததும் என் தப்புத்தான்."

ஓனா தேத்தே கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தாள். "என் பேத்திக்குப் பேரு வைக்கிற விருந்துக்கு வளத்த மீன்டி அது. நாள் குறிச்சாச்சு, சம்பந்தி வீட்டுலேருந்து நாப்பது பேரு வர்றாங்க. காலையில பாத்தா குளத்துல பொணமா மெதக்குது. ஓடிப்போய் சந்தையில மீன் வாங்கிப் பொரிச்சுப் போட்டேன். சம்பந்திக்காரி ஒரு வாய் வெச்சுட்டுக் கேட்டா, 'ஏன், உங்க வீட்டுல குளம் இல்லையா?'ன்னு. அத்தனை பேரு முன்னாடி. மூணு தடவை கேட்டா."

ஏனுங் வாளியைத் தரையில் வைத்தாள்.

"ஒரு குரல் கொடுத்திருந்தா ஒரு கை சேத்த வெச்சு அடைச்சிருப்பேன். ஒரே ஒரு கை சேறு, ஏனுங்!"

"ஆமா தேத்தே."

"அஞ்சு மீன் முப்பத்திரெண்டாயிருமா?"

"ஆகாது. ஆனா ரெண்டு பொட்டை இருக்காம். மாங் ஓஜோ சொன்னார். குஞ்சு போடும்."

"அவன் பொட்டையக் கண்டான். அவனுக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணே அமையல" என்று வாளிக்குள் எட்டிப் பார்த்தாள் ஓனா தேத்தே. மீன்களின் நெற்றியைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள். "ரெண்டு இல்ல, மூணு" என்றாள். பிறகு, "மீன் கொடுக்க மட்டும் நீ வரல" என்றாள்.

"இல்ல. கென்ஜெரும் வேணும். வேற எங்கேருந்து கொண்டாந்து நட்டாலும் பிழைக்கல. பொய் சொல்ல வரல தேத்தே, ரெண்டுக்கும்தான் வந்தேன்."

"மீனை விட்டா ரெண்டு நாள்ல எல்லாத்தையும் மேஞ்சுரும். வேணும்னா இன்னைக்கே பிடுங்கிக்க. எனக்கு அப்பள வேலை இருக்கு, உதவிக்கெல்லாம் வரமாட்டேன்."

உதவிக்கு வரவில்லைதான். ஆனால் கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "தண்டைப் பிடிச்சு இழுக்காதே, என்ன முடியா அது? அடியில கைய விடு. சேத்தோட தூக்கு. பாண்டுங்ல இதைத்தான் கத்துக்கிட்டியா? பெருசை விடு, அது கிழடு, ஒட்டாது. பக்கத்துல குட்டி இருக்கு பார், அதை எடு." மதியம் மழை பிடித்தது. ஏனுங் இடுப்பளவு தண்ணீரில் நனைந்துகொண்டே பிடுங்கினாள். ஓனா தேத்தே அப்பளத் தட்டிகளை உள்ளே வைத்துவிட்டு வந்து, வாழையிலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு திட்டினாள். சாயங்காலம் நாலு கூடை நிறைந்தது.

படியேறும்போது ஏனுங் திரும்பி நின்றாள். "தேத்தே, பஸ் ஸ்டாப்புல..."

"ஏன், நான் சொன்னது பொய்யா? என் வாய் என் வாய். போ."

ஏனுங் போனாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. மடையைத் தொடாமல், ஜாஜாங்கும் அவளும் தண்ணீரை வாளி வாளியாகக் கொல்லையில் இறைத்துக் கொட்டி, குளத்தில் கணுக்கால் அளவுதான் நிறுத்தினார்கள். மும்மூன்று குட்டியாகச் சேர்த்து, ஒரு சாண் ஆழத்தில் சாய்த்து வைத்து, வேரின்மேல் சேற்றைக் காலால் அழுத்தினாள். இலை மேலே வர வர, விரற்கடை விரற்கடையாகத் தண்ணீரை ஏற்றினாள். கடையைப் பாதி நாள் ஜாஜாங் பார்த்துக்கொண்டான். அவன் வறுத்த டெம்பே கரியாக இருக்கும், யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் வரவில்லை. மிச்ச நேரம் அவன் மூங்கில் பிளந்து குளத்தின் குறுக்கே வேலி கட்டினான். பிற்பாடு மீன் விட்டாலும் கீரைப் பக்கம் வராது. "நீ கேட்டப்புறம்தான் விடுவேன்" என்றான். தின்று மிஞ்சிய தெஸ்போங் கட்டைகளும் மெல்லத் தளிர்த்தன. நத்தை முட்டை சுரண்டுவது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. குளம் கரை தெரியாமல் பச்சை. கென்ஜெர் மஞ்சளாகப் பூத்திருந்தது. முதல் அறுப்புக்கு மேல்தண்ணீரைக் கொஞ்சம் வடிக்க வேண்டும். முன்னால் வழி தெரியாமல் நின்ற லாரி ஒன்றிலிருந்து இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஏனுங் கடைமடையருகே போய் நின்று வாய்க்குக் கைகளைக் குவித்தாள்.

"ஓனா தேத்தே! மடையைத் தொறக்கறேன்!"

பதில் இல்லை. கீழே அடுப்புப் புகை தெரிந்தது. ஆள் இருக்கிறாள்.

"தேத்தே! தண்ணி விடறேன்!"

"சோறு வருமா வராதா?" என்று முன்னாலிருந்து ஒரு குரல்.

ஜாஜாங் ஓடிவந்தான். "கொஞ்சம்தானே ஏனுங், தொறந்துடேன். நல்ல தண்ணிதானே இது, சுண்ணாம்பா கலந்திருக்கு?"

"பதில் வரட்டும்."

"வராட்டா?"

"இன்னைக்கு அறுக்கல. நாளைக்குக் கூப்பிடுவேன். நாளன்னைக்கும் கூப்பிடுவேன்." மறுபடி கையைக் குவித்தாள். "ஓனா தேத்தே! மடை!"

"விடுடீ!" என்று கீழிருந்து வந்தது. "எத்தனை தடவை கத்துவியோன்னு பாத்துட்டிருந்தேன். அடைச்சாச்சு, விடு!"

ஏனுங் குனிந்து மடையை அடைத்திருந்த நார்ப்பந்தைப் பிடுங்கினாள். தண்ணீர் இறங்கிற்று.

தட்டு நிறையக் கீரையோடு அவள் முன்கூடத்துக்கு வந்தபோது ஓனா தேத்தே படியேறி வந்து பெஞ்சில் லாரிக்காரர்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது எந்தக் கீரை?" என்றான் ஒருவன் சந்தேகமாக. "வழி கேட்டப்ப பஸ் ஸ்டாப்புல, இந்தக் கடைப் பின்னாடி ஏதோ குளம்னு..."

"அதே குளம்தான். சொன்னதே நான்தான்" என்றாள் ஓனா தேத்தே. ஒரு பிடி தெஸ்போங்கை எடுத்து, இரண்டு இளங் கென்ஜெர் இலையில் மடித்து, சம்பலில் தோய்த்து, பச்சையாக வாயில் திணித்துக்கொண்டாள். மென்று முடிக்கிறவரைக்கும் லாரிக்காரர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். "உப்பு கம்மி, சம்பல்ல" என்றாள். "என்ன பாக்கறீங்க? கென்ஜெர் என் குளத்து வித்து. தின்னுங்க."

முதலில் ஒரு கை வந்தது, அப்புறம் இன்னொன்று. தட்டு காலியாகிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பாண்டுங் எஜமானியம்மா. ஏனுங் சேற்றுக் கையை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"நான் வரலீங்கம்மா" என்றாள். "வேற ஆளப் பாத்துக்குங்க. மடையைத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கேன், அப்புறம் பேசறேன்."

போனை ஜாஜாங் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த தட்டுக்குக் கீரை பறிக்கக் கொல்லைக்குப் போனாள்.